சிட் பாரெட்: குழுவை விட்டுப் போனவர், பாட்டை விட்டுப் போகாதவர்

கறுப்புப் பின்னணி. நடுவில் ஒரு கண்ணாடி முக்கோணம். ஒரு பக்கம் வெள்ளைக் கோடாக நுழையும் ஒளி, மறுபக்கம் வானவில்லாகப் பிரிந்து வெளியே போகிறது. டிஷர்ட், மொபைல் கவர், காபி கப் என எங்காவது இந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பாட்டைக் கேட்காதவர்களுக்குக்கூட இந்தப் படம் தெரியும். பிரிட்டனின் பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழு 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் அட்டைப்படம் அது. உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் விற்ற ஆல்பம்.

அந்த ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காத ஒருவரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பெயர் சிட் பாரெட். குழுவுக்குப் பெயர் வைத்தவர், முதல் ஹிட் பாடல்களை எழுதியவர், முதல் ஆல்பத்தைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். அந்த முதல் ஆல்பம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, குழுவில் அவர் இல்லை.

பிங்க் ஃப்ளாய்ட் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கண்டிப்பாக ஒரு சண்டை கிளம்பும். எந்தக் காலத்துக் குழு பெஸ்ட்? சிட் இருந்த காலமா, ரோஜர் வாட்டர்ஸ் கையில் இருந்த காலமா, டேவிட் கில்மோர் தலைமை ஏற்ற காலமா? நானும் வருடக்கணக்கில் இந்தச் சண்டையைப் போட்டவன்தான். சிட்டின் கதையை முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகு, கேள்வியே தப்போ என்று தோன்ற ஆரம்பித்தது.

யார் இந்த சிட்?

நிஜப் பெயர் ரோஜர் கீத் பாரெட். 1946 ஜனவரி 6 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நாலாவது. அப்பா நோய்க்கூறியல் மருத்துவர். படம் வரைவதும் இசையும் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டன. 1961 டிசம்பரில், அவருக்கு 16 வயது நிறைய சில வாரங்களே இருந்தபோது, அப்பா புற்றுநோயால் இறந்துபோனார். 'சிட்' என்பது பதின்ம வயதில் வந்த பட்டப்பெயர். உலகத்துக்கு அவர் சிட் ஆனார். வீட்டில் கடைசி வரை ரோஜர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில், அதே பள்ளியில், அவரைவிட இரண்டு வயது மூத்த இன்னொரு ரோஜர் படித்தார். அவர்தான் ரோஜர் வாட்டர்ஸ். பிறகு கேம்பிரிட்ஜ் கல்லூரியில் டேவிட் கில்மோர் என்ற கிட்டார் பைத்தியம் நண்பரானார். 1965 கோடையில் சிட்டும் கில்மோரும் பிரான்சின் தெற்குப் பகுதிக்குப் போய், தெருவில் நின்று வாசித்துச் சில்லறை சேர்த்தார்கள். இந்த நட்பும் பின்னால் முக்கியமாகப் போகிறது.

1964-ல் ஓவியம் படிக்க லண்டனின் கேம்பர்வெல் கலைக் கல்லூரிக்குப் போனார் சிட். அங்கே வாட்டர்ஸ் கட்டடக்கலை படித்துக்கொண்டே, கூடப் படித்த நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகியோருடன் ஒரு இசைக்குழு நடத்திவந்தார். மேசன் டிரம்ஸ், ரைட் கீபோர்டு, வாட்டர்ஸ் பேஸ் கிட்டார். சிட் வந்து சேர்ந்ததும், தனக்குப் பிடித்த பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதல் பெயர்களைச் சேர்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது.

முதல் ஆல்பத்தில் என்ன விசேஷம்?

அந்தக் காலத்தில் ராக் பாட்டு என்றால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். ரேடியோவின் கணக்கு அப்படி. இந்தச் சட்டகத்தை உடைத்து, நீண்ட இசை, பல பகுதிகள், விநோதமான ஒலிகள், ஒரே ஆல்பத்துக்குள் ஒரு முழுக் கதை என்று விரித்ததைத்தான் 'புராக்ரஸிவ் ராக்' என்கிறோம். பிங்க் ஃப்ளாய்ட் அந்த வழியில் நடக்க ஆரம்பித்தது சிட்டின் கிட்டாரைப் பிடித்துக்கொண்டுதான்.

1966 கடைசியில் தொடங்கிய லண்டனின் யு.எஃப்.ஓ. கிளப்பில் குழு வாசிக்கும்போது, மேடை முழுக்க வண்ண ஒளி திரவம்போல் வழியும். சிட் தன் கிட்டாரில் வட்ட வட்டமாகக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருந்தார். சிகரெட் லைட்டரைத் தந்திமேல் வைத்து இழுப்பார். எதிரொலி எழுப்பும் கருவி வழியாக அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். வேகமாக வாசித்து மிரட்டும் கிட்டார்காரர் இல்லை அவர். சத்தத்தைப் பெயின்ட்போல் பூசியவர் என்று சொல்லலாம்.

1967 மார்ச்சில் முதல் சிங்கிள் 'ஆர்னால்ட் லேன்'. கொடியில் காயும் பெண்களின் துணியைத் திருடும் ஒருவனைப் பற்றிய பாட்டு. ரேடியோ லண்டன் அதை ஒலிபரப்ப மறுத்தது. ஆனாலும் பிரிட்டன் பட்டியலில் 20-வது இடம் பிடித்தது. ஜூனில் வந்த 'சீ எமிலி ப்ளே' 6-வது இடம். ஆகஸ்டில் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' ஆல்பம். அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் இவர்கள் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அதே கட்டடத்தில் பீட்டில்ஸ் தங்கள் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

மொத்தம் 11 பாடல்கள். 8 பாடல்கள் சிட் தனியாக எழுதியவை. இன்னும் இரண்டு, நால்வரும் சேர்ந்து செய்தவை. வாட்டர்ஸ் எழுதியது ஒன்றே ஒன்று. பத்து நிமிடத்தைத் தொடும் 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' ஒரு பக்கம். குள்ளன், சோளக்கொல்லை பொம்மை, சைக்கிள் என்று குழந்தைகள் கதைப்புத்தகத்திலிருந்து இறங்கிவந்த பாட்டுகள் இன்னொரு பக்கம். முதல்முறை கேட்டபோது எனக்கு இந்தக் கலவை சுத்தமாகப் பிடிக்கவில்லை. விளையாட்டுத்தனமாக இருந்தது. பத்துத் தடவை கேட்ட பிறகுதான், அந்த விளையாட்டுக்கு அடியில் இருக்கும் பயம் காதில் விழுந்தது.

எங்கே சறுக்கியது?

ஒரே வருடம். கல்லூரி மாணவராக இருந்தவர், டிவியில் வரும் நட்சத்திரம் ஆனார். அடுத்த ஹிட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாள் தவறாமல் நிகழ்ச்சிகள், பயணம். கூடவே எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள், அதுவும் அளவு மீறி. 21 வயது இளைஞர் இது எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றார்.

1967 கோடையிலேயே ஆள் மாற ஆரம்பித்தார். நிகழ்ச்சிகளை ரத்து செய்து ஓய்வுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தும் சரியாகவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்கா போனபோது, மேடையில் கிட்டாரைத் தொங்கவிட்டபடி ஒன்றும் வாசிக்காமல் நின்றார். டிவி நிகழ்ச்சியில் பாட்டுக்கு வாயசைக்க வேண்டிய இடத்தில் உதட்டை அசைக்கவில்லை. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

இதை நோய் என்று சொல்லலாம், போதை என்று சொல்லலாம், வேலைப்பளு என்றும் சொல்லலாம். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஆனால் மற்ற மூன்று பேருக்கும் அப்போது வயது 23, 24 என்ற அளவில்தான். நண்பன் உடைந்துபோகிறான் என்பது தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. மனநலம் பற்றிப் பேசுவதற்கே வார்த்தை இல்லாத காலம் அது.

கார் நிற்காத நாள்

1967 கடைசியில் குழு ஒரு முடிவெடுத்தது. சிட் வாசிக்காத நேரத்தில் சமாளிக்க இன்னொரு கிட்டார்காரர் வேண்டும். யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? பிரான்சில் சிட்டுடன் தெருவில் வாசித்த அதே டேவிட் கில்மோரை. நண்பன் இன்னும் மேடையில் இருக்கும்போதே, நண்பனின் இடத்தில் வாசிக்க வந்தார் கில்மோர்.

1968 ஜனவரியில் சில நிகழ்ச்சிகள் மட்டும் ஐந்து பேராக வாசித்தார்கள். 'பீச் பாய்ஸ்' குழுவில் பிரையன் வில்சன் மேடைக்கு வராமல் பாட்டு மட்டும் எழுதிக் கொடுத்ததுபோல, சிட்டையும் வீட்டிலிருந்து எழுத வைக்கலாம் என்று யோசித்தார்கள். அதுவும் நடக்கவில்லை. ஒரு ஒத்திகையில் சிட் புதுப் பாட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் பிடித்துக்கொண்டதும் மெட்டை மாற்றினார். மறுபடி பிடித்தார்கள், மறுபடி மாற்றினார். பிடிபட்டதா என்று கேட்பதுதான் அந்தப் பாட்டின் தலைப்பே. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாட்டர்ஸுக்குப் புரிந்தது, இது யாருக்கும் பிடிபடப் போவதில்லை என்று. கிட்டாரைக் கீழே வைத்தார்.

ஜனவரி கடைசியில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு நிகழ்ச்சி. லண்டனிலிருந்து கார் கிளம்பியது. வழக்கமாகப் போகிற வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றணுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று இன்னொருவர் சொன்னார். கார் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

சண்டை இல்லை, கடிதம் இல்லை, முகத்துக்கு நேரே ஒரு வார்த்தைகூட இல்லை. அப்போது சிட்டும் ரைட்டும் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். சிகரெட் வாங்கப் போகிறேன் என்று சிட்டிடம் சொல்லிவிட்டு நிகழ்ச்சிக்குப் போய்விட்டு வந்ததாக ரைட் பின்னாளில் ஒப்புக்கொண்டார். வெறும் நாலு வரித் தகவல்தான். இதைப் படித்த அன்றைக்கு நான் எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

ஏப்ரல் 1968-ல் சிட் விலகியதாக அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். குழுவின் மேனேஜர்களான பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும், சிட் இல்லாத பிங்க் ஃப்ளாய்டுக்கு எதிர்காலம் இல்லை என்று நினைத்து, சிட் பக்கமே நின்றார்கள். அந்த வருடம் வந்த இரண்டாவது ஆல்பத்தில் சிட் எழுதியது ஒரே பாட்டு, 'ஜக்பேண்ட் ப்ளூஸ்'. ஆல்பத்தின் கடைசிப் பாட்டும் அதுதான். தான் அங்கே இல்லை என்பது தனக்கே தெரிந்துவிட்ட ஒருவர் எழுதிய பாட்டுபோல இருக்கும். நடுவில் சால்வேஷன் ஆர்மி பேண்ட் ஒன்று திடீரென வந்து கலைந்துபோகும். கடைசியில் சிட்டும் ஒரு கிட்டாரும் மட்டும் மிஞ்சுவார்கள்.

கைவிட்டவர்களே கைகொடுத்தார்களா?

ஆமாம், அதுவும் நடந்தது. சிட்டின் முதல் தனி ஆல்பமான 'தி மேட்கேப் லாஃப்ஸ்' 1970 ஜனவரியில் வந்தது. பாதியில் கிடந்த அந்த வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் கில்மோரும் வாட்டர்ஸும்தான். சொந்தக் குழுவின் ஆல்பத்துக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்தார்கள். சிட் ஒவ்வொரு தடவையும் தாளத்தை மாற்றி மாற்றிப் பாடுவார். கூட வாசிக்கிறவர்கள் துரத்திப் பிடிக்க வேண்டும். அதே வருடம் நவம்பரில் வந்த 'பாரெட்' ஆல்பத்துக்கு கில்மோரும் ரைட்டும் தயாரிப்பாளர்கள்.

1970 ஜூனில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் சிட் மேடையேறினார். பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவர் கில்மோர். நாலு பாட்டு முடிந்ததும் சிட் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனார். 1972-ல் கேம்பிரிட்ஜில் 'ஸ்டார்ஸ்' என்று ஒரு குழுவில் கொஞ்ச நாள் வாசித்தார். அத்துடன் சரி.

1975: யார் அந்த மொட்டைத் தலை மனிதர்?

'டார்க் சைட்' வெற்றிக்குப் பிறகு என்ன செய்வதென்று குழு தடுமாறிக்கொண்டிருந்தது. பணம், புகழ் எல்லாம் வந்துவிட்டது. ஒருவரோடு ஒருவர் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தார்கள். அப்போது கில்மோரின் விரலில் தற்செயலாக நாலு ஸ்வரம் விழுந்தது. அதைக் கேட்ட வாட்டர்ஸுக்கு சிட் ஞாபகம் வந்தது. அந்த நாலு ஸ்வரத்திலிருந்து வளர்ந்ததுதான் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. ஒன்பது பகுதிகள், ஏறக்குறைய 26 நிமிடம். முதல் குரல் வரவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம் இந்தப் பாட்டில் தொடங்கி, இதே பாட்டில் முடியும்.

1975 ஜூனில் ஒருநாள், அதே அபே ரோட்டில் இந்தப் பாட்டின் இறுதி வேலை நடந்துகொண்டிருந்தது. குண்டான ஒரு மனிதர் உள்ளே வந்தார். தலை மொட்டை, புருவமும் மழித்திருந்தது. ஸ்டுடியோ ஆள் யாரோ என்று நினைத்துவிட்டார்கள். ரொம்ப நேரம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் ஒருவருக்கு உறைத்தது: அது சிட். தன்னைப் பற்றிய பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும் அறைக்குள், யாரும் கூப்பிடாமல், ஏழு வருடம் கழித்து வந்து நிற்கிறார். வாட்டர்ஸ் அழுதுவிட்டார். கொஞ்ச நேரத்தில் சிட் கிளம்பிப் போய்விட்டார். அதன்பின் குழுவாக அவர்கள் அவரைச் சந்திக்கவே இல்லை.

அப்புறம் ஆள் மாறியது எப்படி?

சிட் போனது முதல் பிரிவு மட்டும்தான். 1979-ல் 'தி வால்' ஆல்பம் தயாரானபோது ரிச்சர்ட் ரைட்டை வாட்டர்ஸ் வெளியேற்றினார். அடுத்து நடந்த மேடை நிகழ்ச்சிகளில் ரைட் சம்பளத்துக்கு வாசித்தார். செலவு எகிறி மற்ற மூவருக்கும் நஷ்டம். சம்பளம் வாங்கிய ரைட்டுக்கு மட்டும் லாபம் என்பது ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை. 1985-ல் வாட்டர்ஸே விலகினார். தான் இல்லாமல் குழுவே இல்லை என்றார்; பெயர் யாருக்கு என்பது வழக்கறிஞர்கள் வரை போனது. கில்மோரும் மேசனும் பெயரைத் தக்கவைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள், ரைட்டும் திரும்பி வந்தார். எல்லா ஆல்பத்திலும் இருப்பவர் டிரம்மர் நிக் மேசன் மட்டும்தான்.

இந்தப் பிரிவுகள் எல்லாம் பேச்சும் கோபமும் பத்திரிகைச் செய்தியுமாக நடந்தன. ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள முடிந்தது. சிட் விஷயத்தில் மட்டும் அது முடியவில்லை. திருப்பித் திட்டாத ஒருவரிடம் பட்ட கடன் தீருவதே இல்லை. 'டார்க் சைட்' ஆல்பத்தில் மனம் பிறழ்தலைப் பேசும் பாட்டு, 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம் கிட்டத்தட்ட முழுதும், 'தி வால்' படத்தில் நாயகன் புருவத்தை மழித்துக்கொள்ளும் காட்சி... எங்கே தொட்டாலும் சிட் தெரிகிறார்.

கேம்பிரிட்ஜில் வாழ்ந்த ரோஜர்

லண்டனை விட்டுச் சொந்த ஊருக்கே திரும்பினார் சிட். அம்மாவுடன் இருந்தார், 1991-ல் அம்மா இறந்த பிறகு தனியாக. தங்கை அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டார். படம் வரைவார், அதைப் போட்டோ எடுத்துக்கொள்வார், பிறகு படத்தை அழித்துவிடுவார். தோட்டம் போட்டார். சைக்கிளில் கடைக்குப் போய் வந்தார். பெயரும் பழையபடி ரோஜர் ஆகிவிட்டது.

ஆனால் எங்களைப் போன்ற ரசிகர்கள் விடவில்லை. வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டியவர்கள் உண்டு. சைக்கிளில் போகும்போது மறைந்திருந்து படம் எடுத்தவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் கல்லூரி விடுதியில், புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் புருவம் மழித்த கதையைப் பேய்க்கதை மாதிரி சொல்லி மிரட்டியிருக்கிறேன். நோய்வாய்ப்பட்ட ஒரு மனிதரை எனக்கான த்ரில்லாக மாற்றிக்கொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

நண்பர்கள் என்ன செய்தார்கள்? அவருக்குச் சேர வேண்டிய ராயல்டி ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கில்மோர் கவனித்துக்கொண்டார். 2001-ல் வந்த தொகுப்பு ஆல்பத்தில் சிட்டின் பாடல்களும் இருந்தன. பழைய ஆட்களைப் பார்த்தால் அவர் கலங்கிவிடுகிறார் என்று குடும்பம் சொன்னதால் நேரில் போகவில்லை. ஒருமுறையாவது போய்க் கதவைத் தட்டியிருக்கலாம் என்ற வருத்தத்தைப் பிறகு வெளிப்படையாகவே பேசியிருக்கிறார் கில்மோர்.

2005 ஜூலையில் 'லைவ் 8' நிகழ்ச்சிக்காக வாட்டர்ஸ், கில்மோர், மேசன், ரைட் நால்வரும் பல வருடங்களுக்குப் பிறகு ஒரே மேடையில் நின்றபோது, வாட்டர்ஸ் சிட்டை நினைவுகூர்ந்தார். அடுத்த வருடம் ஜூலை 7-ல், 60 வயதில், கணையப் புற்றுநோயால் சிட் இறந்துபோனார். 2007 மே மாதம் லண்டனில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் வாட்டர்ஸ் தனியாக வந்து பாடினார். மற்ற மூவரும் தனியாக வந்து 'ஆர்னால்ட் லேன்' வாசித்தார்கள். நாலு பேரும் வந்தார்கள். ஆனால் அன்றைக்கும் சேர்ந்து நிற்கவில்லை. அடுத்த வருடம் ரைட்டும் போய்விட்டார்.

சரி, யார் காலம் பெஸ்ட்?

இப்போது என்னிடம் கேட்டால், சிட் இல்லாமல் முதல் குழு இல்லை, சிட் போகாமல் இரண்டாவது குழு இல்லை என்பேன். 1968-ல் அவர்கள் காரை நிறுத்தியிருந்தாலும் சிட்டால் அன்றிரவு வாசித்திருக்க முடியாது. குழு தொடர வேண்டுமென்றால் இன்னொருவர் வந்துதான் ஆக வேண்டும். அந்த முடிவைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒருவரை வேலையிலிருந்து விடுவிப்பது வேறு, அவரிடம் சொல்லாமலே போய்விடுவது வேறு. இந்த வித்தியாசத்தை அந்த இளைஞர்கள் அன்றைக்குக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு அவர்களால் அதை மறக்க முடியவில்லை. அவர்களுடைய ஆகச்சிறந்த இசை அந்த மறக்க முடியாமையிலிருந்து வந்தது. உங்கள் டீமில் யாராவது மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டால், கதையின் இந்த இடம் ஞாபகம் வரட்டும்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'சீ எமிலி ப்ளே', மூன்று நிமிடம் போதும். அடுத்து 'ஜக்பேண்ட் ப்ளூஸ்'. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம் முழுசாக. எந்தப் பாட்டையும் தள்ளிவிடாதீர்கள். கடைசிப் பாட்டு மெல்லத் தேய்ந்து மறையும்போது வால்யூமைக் கூட்டுங்கள். ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டில் ஒரு சின்ன மெட்டு வந்து போகும். சிட் எழுதிய 'சீ எமிலி ப்ளே'வின் மெட்டு அது.